டிக் போட்டுவைத்த பெட்டி

இணையத்தில் ஒரு செய்தியைப் படிக்க வேண்டுமானால் இன்று அதற்கு முன் பல வேலைகளைச் செய்தாக வேண்டும். குக்கி அறிவிப்பை ஒதுக்க வேண்டும். நோட்டிபிகேஷன் அனுப்பலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தானாக ஓடத் தொடங்கும் வீடியோவை நிறுத்த வேண்டும். கடுகளவு பெருக்கல் குறியைத் தேடிப்பிடித்து விளம்பரத்தை மூட வேண்டும். புதிதாக வாங்கிய போனில் நாம் கேட்காத செயலிகள் ஏற்கெனவே குடியேறியிருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய டிவியின் முகப்பிலும் விளம்பரம் வருகிறது. இந்த எரிச்சல் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் இலவசமாகக் கிடைப்பதற்கு இதுதான் விலை என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். கடந்த முப்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் இந்தச் சமாதானம் நிற்பதில்லை. விளம்பரம் என்ற ஒன்று இருப்பதனால் இந்தத் தொல்லை வந்துவிடவில்லை. நாம் வாய் திறக்காத இடத்தில் நமக்காக வேறொருவர் சம்மதம் என்று டிக் போட்டுவைத்ததனால் வந்தது. அந்த டிக்கை யார், எப்போது, எந்த லாபத்துக்காகப் போட்டார்கள் என்பதற்குத் தேதியும் பெயரும் உண்டு. தொல்லை உண்மையாகவே குறைந்த தருணங்களுக்கும் தேதி உண்டு. அவற்றில் பெரும்பாலானவை யாரோ அந்த டிக்கை எடுத்துவிட்ட தருணங்கள்.

தொடக்கத்தில் இணையம் வணிகத்துக்கு மூடிய இடமாகவே இருந்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்திய என்.எஸ்.எஃப்.நெட் என்ற முதன்மை வலையமைப்பு ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் உரியது. வணிகப் பயன்பாட்டுக்கு அதன் விதிகள் இடம் தரவில்லை. தனியார் வலையமைப்புகள் வளர வளர அந்த வேலி தளர்ந்தது. 1995 ஏப்ரலில் என்.எஸ்.எஃப்.நெட்டே மூடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 1994-ல், இணைய விளம்பரத்துக்கு இரண்டு பாதைகள் திறந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி, கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுத் தருவதாக ஒரு விளம்பரத்தை யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒரேயடியாகக் கொட்டினார்கள். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்ததில் அவர்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனத்தின் கணினி முடங்கியது. தம்பதி அசரவில்லை, இதே முறையில் பணம் பண்ணுவது எப்படி என்று புத்தகமும் எழுதினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 27-ல் ஹாட்வயர்டு என்ற இணைய இதழ் தன் பக்கங்களில் பட்டை விளம்பரங்களை வெளியிட்டது. ஏடி அண்ட் டி போன்ற நிறுவனங்கள் இடம் வாங்கியிருந்தன. 468 புள்ளி அகலம், 60 புள்ளி உயரம் கொண்ட அந்தப் பட்டை ஓரிடத்தில் அமைதியாகக் கிடந்தது. படிப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது; வேண்டுமானால் பார்க்கலாம், வேண்டாமென்றால் கடந்து போகலாம். முதல் பாதை அடுத்தவர் இடத்துக்குள் கேளாமல் புகுவது. இரண்டாவது, தன் பக்கத்தில் ஓரிடம் ஒதுக்குவது. இரண்டாம் பாதை சாத்தியமானதாகவும் லாபமானதாகவும் இருந்தும் தொழில் முதல் பாதையை நோக்கியே நகர்ந்தது.

அந்த நகர்வுக்கு வழிவிட்டது குக்கி. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி 1994-ல் அதை உருவாக்கியபோது நோக்கம் எளிமையானது: ஒரு கடையின் தளத்தில் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போனாலும் கூடையிலேயே இருக்க வேண்டும். தளம் ஒரு சிறு குறிப்பை நம் கணினியில் எழுதிவைக்கும். அதை எழுதிய தளம் மட்டுமே திரும்பப் படிக்க முடியும். ஆனால் ஒரு பக்கத்தில் வரும் படம் வேறொரு கணினியிலிருந்தும் வரலாம். அந்த வேறொரு கணினியும் தன் குறிப்பை எழுதலாம். ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரம் தளங்களுக்குப் படம் அனுப்பினால், ஆயிரம் தளங்களிலும் நாம் போய்வந்த தடம் அதன் கையில் சேரும். இந்த ஓட்டையைப் பொறியாளர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் அமைப்பு 1997 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 2109 என்ற ஆவணத்தை வெளியிட்டது. எழுதியவர்கள் டேவிட் கிறிஸ்டலும், குக்கியை உருவாக்கிய அதே மோன்டுல்லியும். இப்படிப்பட்ட மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலாவி ஏற்கக் கூடாது, விரும்புகிறவர் மாற்றிக்கொள்ள வசதி தரலாம், ஆனால் அந்த வசதி தொடக்கத்தில் அணைந்தே இருக்க வேண்டும் என்று அது தெளிவாக வகுத்தது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாப்டும் அதைப் பின்பற்றவில்லை. இரண்டு உலாவிகளும் அனுமதித்த நிலையிலேயே வெளிவந்தன. வேறு வழி தெரியாமல் இந்த நிலைக்கு வரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வழி எழுத்தில் இருந்தது, ஒதுக்கப்பட்டது.

அப்படித் திறந்துவைத்த கதவு யாருக்குப் பயன்பட்டது என்பது விரைவிலேயே தெரிந்தது. 1996-ல் தொடங்கிய டபிள்கிளிக் நிறுவனம் மூன்றாம் தரப்புக் குக்கியைக் கொண்டே பெரும் விளம்பர வலையைக் கட்டியது. 1999-ல் அது அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. அபாகஸின் சொத்து, அஞ்சல்வழிப் பட்டியல்களைப் பார்த்து அமெரிக்கக் குடும்பங்கள் வாங்கிய பொருள்களின் பதிவு; அதில் பெயரும் முகவரியும் இருந்தன. இணையத் தடத்தையும் அந்தப் பெயர்களையும் இணைக்கும் திட்டம் வெளியே தெரிந்ததும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. 2000 மார்ச்சில் நிறுவனம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. ஆனால் அடிப்படையான டிக் அப்படியே இருந்தது. 2007-ல் 310 கோடி டாலருக்கு டபிள்கிளிக்கை வாங்குவதாகக் கூகுள் அறிவித்து, 2008-ல் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

கண்ணுக்குத் தெரியாத தடத்தைவிட மக்களை அதிகம் கோபப்படுத்தியது பாப்-அப் சன்னல். அது பிறந்த கதையும் பதிவாகியிருக்கிறது. 1990-களின் பிற்பாதியில் டிரைபாட் என்ற நிறுவனம் யார் வேண்டுமானாலும் சொந்தமாகப் பக்கம் அமைத்துக்கொள்ள இடம் கொடுத்து, அந்தப் பக்கங்களில் விளம்பரம் போட்டு வருமானம் பார்த்தது. ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் பாலியல் சார்ந்த பக்கம் ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டது. கார் நிறுவனம் கொதித்தது. விளம்பரத்தையும் பக்கத்தையும் பிரித்துக் காட்டுவதற்காக, தனிச் சன்னலில் விளம்பரத்தைத் திறக்கும் நிரலை அங்கே வேலை பார்த்த ஈதன் ஜுக்கர்மன் எழுதினார். 2014-ல் தி அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் அதற்காக மன்னிப்பும் கேட்டார். விளம்பரதாரரின் சங்கடத்தைத் தீர்க்கப் பிறந்த சன்னல் படிப்பவரின் திரையை ஆக்கிரமித்தது. 2001 வாக்கில், பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு, மேலே உள்ளதை மூடிய பிறகு தலைகாட்டும் வகையும் வந்தது. எக்ஸ்10 என்ற நிறுவனத்தின் கேமரா விளம்பரம் அப்படித்தான் உலகெங்கும் வெறுப்பைச் சம்பாதித்தது.

பாப்-அப் எப்படி ஒடுங்கியது என்பது இந்த வரலாற்றின் மிக முக்கியமான பாடம். 2002 ஜூனில் வெளிவந்த மொஸில்லா 1.0 உலாவியில் கேளாமல் திறக்கும் சன்னல்களைத் தடுக்கும் வசதி இருந்தது. அதே மூலநிரலை எடுத்து ஆகஸ்டில் நெட்ஸ்கேப் 7.0 வெளியானபோது அந்த வசதி மட்டும் காணாமல் போயிருந்தது. நெட்ஸ்கேப் அப்போது ஏஓஎல் நிறுவனத்துக்குச் சொந்தம்; ஏஓஎல் பாப்-அப் விளம்பரம் விற்றுக்கொண்டிருந்தது. பயனர்கள் கொதித்தெழுந்த பின், அடுத்த பதிப்பில் வசதி திரும்பி வந்தது. கருவி தயாராக இருந்தும் அதைப் பயனருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை விளம்பர வருமானம் தீர்மானித்ததற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைப்பது அரிது. பிறகு 2004 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் விண்டோஸ் எக்ஸ்பிக்கான சர்வீஸ் பேக் 2-ஐ வெளியிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பாப்-அப் தடுப்பு சேர்ந்தது. யாரும் எதையும் அழுத்தாமலேயே அது இயங்கியது. அதுவரை விவரம் தெரிந்தவர்கள் தனித்தனியாகத் தடுப்பான்களை நிறுவிப் போராடிக்கொண்டிருந்தார்கள். கோடிக்கணக்கான சாதாரணப் பயனர்களின் திரையில் ஒன்றும் மாறவில்லை. தொடக்க அமைப்பை மாற்றியதும் அந்த விளம்பர முறையே பெரிய தளங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. தொல்லை பின்னர் பக்கத்தின் உள்ளேயே விரியும் திரைகளாக வேறு உருவெடுத்தது உண்மை. ஆனால் மாற்ற முடியாதது என்று நினைத்த ஒன்றை ஒரே ஒரு முடிவால் மாற்ற முடிந்தது.

உலாவிக்கு வெளியே இதே கதை இன்னும் மோசமாக நடந்தது. திண்ணையில் ஒதுங்க இடம் கேட்டவர் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதைப்போல, ஒரு சிறு உதவிக்காக இன்ஸ்டால் செய்த மென்பொருள் கணினி முழுவதையும் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. கேட்டர் என்ற மென்பொருள் கடவுச்சொல்லை நினைவில் வைத்துப் படிவங்களை நிரப்பித் தருவதாகச் சொல்லி உள்ளே வந்தது. உள்ளே வந்தபின் நாம் எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்று கவனித்து, அதற்குப் போட்டியான நிறுவனத்தின் விளம்பரத்தை அந்தப் பக்கத்தின் மேலேயே திறந்தது. நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் உள்ளிட்ட பதிப்பாளர்கள் 2002-ல் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு சமரசமாகி, நிறுவனம் கிளாரியா என்று பெயரை மாற்றிக்கொண்டது. இதுபோன்றவை பெரும்பாலும் தனியாக வரவில்லை. பாட்டுக் கோப்புகளைப் பகிரும் காஜா போன்ற மென்பொருளோடு சேர்ந்து வந்தன. அந்த இன்ஸ்டால் திரையைச் சற்று நிறுத்திப் பார்த்தால் உத்தி விளங்கும். முதல் திரையில் நாம் தேடிவந்த மென்பொருளின் பெயர். கீழே ‘அடுத்து’ என்ற பொத்தான். இரண்டாவது திரையில் நீளமான ஒப்பந்தம். அதே இடத்தில் அதே பொத்தான். மூன்றாவது திரையில் வேறொரு நிறுவனத்தின் டூல்பார், அதன் பக்கத்தில் டிக் போட்ட சிறு பெட்டி. பொத்தான் இம்மியும் நகரவில்லை. கை பழக்கத்தில் அழுத்திவிடும். அந்தப் பழக்கத்தைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தைப் படித்துத்தானே ஒப்புக்கொண்டார்கள், பிறகு ஏன் புலம்ப வேண்டும் என்பது தொழிலின் முதல் வாதம். இதைப் பிசி பிட்ஸ்டாப் என்ற நிறுவனம் சோதித்தே பார்த்தது. தன் மென்பொருளின் ஒப்பந்தத்துக்கு நடுவில், இந்த முகவரிக்கு எழுதினால் பரிசு உண்டு என்று ஒரு வரியைச் சேர்த்தது. நான்கு மாதங்கள் ஓடின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மென்பொருளை இறக்கினார்கள். அதன் பிறகே ஒருவர் எழுதினார், 1,000 டாலர் பெற்றார். பயனர்களின் சோம்பலைக் குறைசொல்ல இதைக் காட்டுவது தவறு. யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதும் ஒப்பந்தம் ஒப்பந்தமாகாது. அமெரிக்க அதிகாரிகளும் கடைசியில் அந்த முடிவுக்கே வந்தார்கள். 2005-ல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர், இப்படி விளம்பர மென்பொருளை ஏற்றியதற்காக, மைஸ்பேஸ் சமூகத் தளத்தின் தாய் நிறுவனமான இன்டர்மிக்ஸ் மீது வழக்குத் தொடுத்து 75 லட்சம் டாலர் கட்டவைத்தார். 2006 நவம்பரில் ஜாங்கோ என்ற நிறுவனம் 30 லட்சம் டாலருக்கு மத்திய வர்த்தக ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டது. ஜாங்கோவின் விளம்பர மென்பொருள் 7 கோடிக்கும் அதிகமான முறை அமெரிக்கக் கணினிகளில் ஏறி, 690 கோடிக்கும் அதிகமான பாப்-அப்களைக் காட்டியது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. எண்களை ஒப்பிட்டுப் பார்த்தால், தண்டம் தொழில்செலவில் ஒரு வரியாக முடிந்துபோகும் அளவுதான்.

இவையெல்லாம் சில்லறை மோசடிக்காரர்களின் வேலை, நல்ல நிறுவனங்களோடு சேர்த்துப் பேசக் கூடாது என்று சொல்வோரும் உண்டு. ஆனால் டிக் போட்ட பெட்டி பெரிய பெயர்களின் கையிலும் இருந்தது. ஜாவா மென்பொருளுக்கு ஆரக்கிள் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளில் ஆஸ்க் டூல்பாரும் டிக் போட்டபடியே வந்தது. 2013-ல் அதைச் சோதித்த ஒரு செய்தியாளர், ஜாவா ஏறி முடிந்து பத்து நிமிடம் கழித்தே டூல்பார் தன்னை நிறுவிக்கொள்வதைக் கண்டார். உடனே போய் நீக்கலாம் என்று தேடுகிறவருக்கு அது அகப்படாது. ஓட்டையை அடைக்க வந்த கருவியே இன்னொன்றைத் தள்ளிவிட்டுப் போனதால், புதுப்பிப்பு என்றாலே பயந்து ஒதுங்கும் பழக்கத்தை அது வளர்த்தது. 2011-ல் டவுன்லோட்.காம் தளம் பிறர் எழுதிய இலவச மென்பொருள்களைத் தன் இன்ஸ்டாலருக்குள் பொதிந்து கொடுக்கத் தொடங்கியது. அப்படிப் பொதியப்பட்ட என்மேப் கருவியை எழுதியவர் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். திறமூல மென்பொருள்களின் தாய்வீடாக இருந்த சோர்ஸ்போர்ஜ் 2013-ல் அதே வழியில் இறங்கியதும், படத்தொகுப்பு மென்பொருளான கிம்ப் அந்தத் தளத்தைவிட்டு வெளியேறியது. 2016-ல் புதிய உரிமையாளர்கள் வந்து அந்த முறையை நிறுத்தினார்கள். பத்தாண்டுக் காலம் சம்பளமில்லாமல் எழுதிய தன்னார்வலர்களின் நல்ல பெயரை வேறு யாரோ விளம்பரத்துக்கு விற்றிருந்தார்கள். தனிமனிதரின் கெட்ட குணத்தால் வந்த சீரழிவு என்று இதை ஒதுக்க முடியாது. டிக் போடும் அதிகாரம் கையில் இருந்து, அதற்குக் காசும் கிடைத்தால், மதிப்புள்ள நிறுவனமும் அதையே செய்கிறது.

இலவசத்துக்கு விலை என்ற வாதம் உடைந்துபோகும் இடம், காசு கொடுத்து வாங்கிய பொருள். 2014-ல் லெனோவா தன் லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் நிறுவனத்தின் விளம்பர மென்பொருளை ஏற்றியே விற்றது. நாம் பார்க்கும் பக்கத்தில் அது தன் விளம்பரப் படங்களைச் செருக வேண்டும். ஆனால் வங்கி போன்ற தளங்களின் பக்கங்கள் பூட்டிய உறைபோல மறையாக்கம் செய்யப்பட்டு வருகின்றன. அதனால் சூப்பர்ஃபிஷ் தன் சொந்தச் சான்றிதழைக் கணினியின் நம்பகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, உறையைப் பிரித்து, விளம்பரம் வைத்து, தானே மறுபடி முத்திரை குத்தியது. உலாவியில் பூட்டு அடையாளம் வழக்கம்போலத் தெரியும். இதில் பேராபத்து என்னவென்றால், எல்லா லேப்டாப்களிலும் இருந்தது ஒரே முத்திரைச் சாவி. 2015 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சில மணி நேரத்தில் அதன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார். அந்த இடைமறிப்புக் கருவியைச் செய்த கொமோடியா நிறுவனத்தின் பெயரேதான் கடவுச்சொல். சாவி கையில் உள்ள எவரும், பொது வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, தன்னை வங்கி என்று அந்த லேப்டாப்களை நம்பவைக்க முடியும். 2017-ல் லெனோவா அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டியது. அதே ஆண்டு பிப்ரவரியில் விசியோ நிறுவனம், 1.1 கோடி டிவிகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்று நொடிக்கு நொடி பதிவுசெய்து விற்ற குற்றச்சாட்டில் 22 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. லேப்டாப்புக்கும் டிவிக்கும் முழு விலை கொடுத்தவர்களிடம் இலவசத்தைப் பற்றிப் பேச முடியாது.

இனி கனமான மறுப்பு ஒன்றுக்கு வருவோம். விளம்பரம் இல்லாமல் இதழியலே இல்லை என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1833-ல் நியூயார்க் சன் ஒரு சென்ட் விலையில் சாதாரண மக்கள் கைக்கு வந்தது விளம்பர வருமானத்தால்தான். தமிழிலும் 1928-ல் ஆனந்த விகடனை வாங்கி அதற்கு மறுவாழ்வு தந்த எஸ். எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர். ஆனால் அச்சு விளம்பரம் எப்படிப்பட்டது என்று யோசிக்க வேண்டும். அது வாசகரைப் பின்தொடர்ந்து வீட்டுக்கு வரவில்லை. அவர் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்று குறித்துக்கொள்ளவில்லை. காகிதச் செலவும் அச்சுச் செலவும் பத்திரிகையுடையவை. இணையத்தில் விளம்பரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் டேட்டா செலவும் பேட்டரிச் செலவும் வாசகர் தலையில் விழுகின்றன. டேட்டா தீர்ந்தால் மறுபடி ரீசார்ஜ் செய்யும் ஏழை வாசகருக்கு இலவசச் சேவை என்பது பாதிதான் இலவசம். பின்தொடராத விளம்பரத்தால் பிழைக்க முடியாது என்பதும் நிரூபிக்கப்பட்ட ஒன்றாக இல்லை. 2018-ல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நியூயார்க் டைம்ஸ் ஐரோப்பாவில் ஆளைப் பின்தொடரும் ஏல விளம்பரத்தை நிறுத்தி, கட்டுரையின் பொருளையும் வாசகர் இருக்கும் நாட்டையும் மட்டும் பார்த்து விளம்பரம் விற்றது, வருமானம் சரியவில்லை. 2020-ல் நெதர்லாந்துப் பொது ஒளிபரப்பின் விளம்பரப் பிரிவும் பின்தொடரும் குக்கிகளைக் கைவிட்டது. அடுத்த சில மாதங்களில் அதன் வருமானம் உயர்ந்தது. இரண்டும் பெரிய பெயர்கள், சிறு தளங்களுக்கு இந்தப் பேரம் எளிதில் படியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் நடுவில் நிற்கும் தரகு நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும் பங்கைக் கழித்தால், பின்தொடரும் விளம்பரத்தாலும் சிறு தளங்கள் செழித்துவிடவில்லை.

பிடிக்காதவர்கள் விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொள்ளட்டும் என்பது அடுத்த மறுப்பு. தடுப்பானின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது. 2002-ல் ஒரு டென்மார்க் மாணவர் எழுதிய ஆட்பிளாக் நீட்சியிலிருந்து தொடங்கி, 2006-ல் ஆட்பிளாக் பிளஸ், பிறகு ரேமண்ட் ஹில் எழுதிய யுபிளாக் ஆரிஜின் என்று தன்னார்வலர்களின் உழைப்பால் அது வளர்ந்தது. 2018 ஏப்ரலில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், ஆக்செல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் தொடுத்த வழக்கில், தடுப்பானை வழங்குவது சட்டப்படி சரியே என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஆட்பிளாக் பிளஸே 2011 முதல் ‘ஏற்கத்தக்க விளம்பரம்’ என்ற பட்டியலை வைத்து, பெரிய நிறுவனங்களிடம் அதற்குக் கட்டணம் வாங்குகிறது. அந்தப் பட்டியலும் தொடக்கத்திலேயே டிக் போட்டே வருகிறது. குரோம் உலாவி தன் நீட்சி விதிகளை மாற்றியதில் யுபிளாக் ஆரிஜின் அங்கே செயலிழந்தது. அந்த உலாவியின் உரிமையாளர் உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனம். தடுப்பான் விவரம் தெரிந்தவருக்கு உதவும். போனை முதன்முதலாகக் கையில் எடுக்கும் முதியவருக்கும், கடன்வாங்கிய போனில் பாடம் படிக்கும் மாணவிக்கும் உதவாது. அதோடு, நல்ல தளம், கெட்ட தளம் என்று பார்க்காமல் எல்லோருடைய வருமானத்தையும் அது வெட்டுகிறது. தற்காப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம், தீர்வாக நம்பி உட்கார முடியாது.

சட்டம் வந்தால் தொல்லை கூடும் என்கிறவர்கள் ஐரோப்பாவின் குக்கி அறிவிப்புகளைக் காட்டுகிறார்கள். அந்த அறிவிப்புகள் எரிச்சலூட்டுவது உண்மை. காரணத்தைப் பார்க்க வேண்டும். சம்மதம் வேண்டும் என்று சொன்ன சட்டம், சொல்லாவிட்டால் மறுப்பு என்பதை உலாவியிலேயே ஒருமுறை பதிக்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு தளமும் தன் இஷ்டத்துக்குக் கேட்க விட்டுவிட்டது. தளங்கள் சம்மதத்தைப் பளிச்சென்ற பொத்தானாகவும் மறுப்பை மூன்று திரைகளுக்கு அப்பாலும் வைத்தன. நீதிமன்றங்கள் பின்னால் ஓடிவந்து திருத்தின. 2019 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி சம்மதமாகாது என்று தீர்ப்புச் சொன்னது. மறுப்பது சம்மதிப்பதைப்போல எளிதாக இல்லை என்பதற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. இந்தியாவிலும் 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகள் பதின்மூன்றைத் தடைசெய்து நெறிமுறை வெளியிட்டது. ஓயாத நச்சரிப்பு, வேடமிட்ட விளம்பரம், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. அதே ஆண்டு நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் என்பது தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. ஏட்டில் இருக்கும் இந்த விதிகளை அமல்படுத்தும் அளவுக்குத்தான் அவற்றுக்கு மதிப்பு.

தொடக்க அமைப்பை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை 2021 ஏப்ரல் உலகுக்கே காட்டியது. ஐபோனில், ஒரு செயலி நம்மைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. கேள்வி ஒற்றை வரி. மறுப்புக்கும் சம்மதத்துக்கும் ஒரே அளவு பொத்தான். பெரும்பாலோர் மறுத்தார்கள். 2022-ல் மட்டும் இதனால் தங்களுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று பேஸ்புக்கின் தாய் நிறுவனமே மதிப்பிட்டது. அதுவரை பெற்றதாகச் சொல்லிவந்த சம்மதத்தின் உண்மையான எடை அந்த ஒரு எண்ணில் தெரிகிறது. அதற்காக ஆப்பிளை நீதிமானாக்கிவிட வேண்டியதில்லை. அந்த விதியைத் தனக்குச் சாதகமாக நடைமுறைப்படுத்தியதாகப் பிரான்சின் போட்டி ஆணையம் 2025-ல் அதற்கு 15 கோடி யூரோ அபராதம் போட்டது. கூகுளோ, மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டாண்டில் ஒழிப்பதாக 2020 ஜனவரியில் அறிவித்து, மீண்டும் மீண்டும் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. 1997-ல் பொறியாளர்கள் ஒரு பத்தியில் எழுதிய விதி இருபத்தேழு ஆண்டு கழித்தும் உலகின் முதன்மை உலாவியில் நிறைவேறவில்லை.

இவ்வளவையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. எரிச்சல்படும் பயனர் சலுகைக்கு ஆசைப்பட்டு விலை கொடுக்க மறுக்கும் ஆள் இல்லை. அவரிடம் நேர்மையாகக் கேட்டதே இல்லை. தனிமனித எச்சரிக்கையால் இந்தத் தொல்லை ஒருபோதும் ஒழிந்ததில்லை. தொடக்க அமைப்பைக் கையில் வைத்திருப்பவர் மாற்றியபோதோ, மாற்றும்படி சட்டம் நெருக்கியபோதோதான் குறைந்தது. அந்தக் கைகளில் பல விளம்பரம் விற்கும் கைகளாகவே இருப்பதால் அவர்களின் நல்லெண்ணத்துக்கு இதை விட்டுவிட முடியாது. எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. பேசாமல் இருப்பது மறுப்பு என்றே சட்டம் கொள்ள வேண்டும். மறுப்பதற்கும் சம்மதிப்பதற்கும் ஒரே ஒரு கிளிக் போதுமானதாக இருக்க வேண்டும், அதையும் கருவியிலேயே ஒருமுறை சொன்னால் எல்லாத் தளமும் மதிக்க வேண்டும். முழு விலைக்கு விற்ற போனிலும் டிவியிலும் லேப்டாப்பிலும், வாங்கியவர் தானாகக் கேட்டாலன்றி ஒரு விளம்பரமும் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் தொழில்நுட்பத்தால் முடியாதவை என்று யாரும் சொல்ல முடியாது. தொடக்க அமைப்பை மாற்றிக்காட்டிய ஆண்டுகள் இந்த வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. விளம்பரம் தொடரட்டும், பத்திரிகையும் தளமும் அதனால் பிழைக்கட்டும். அந்தப் பெட்டியில் டிக் போடும் உரிமை மட்டும் கருவிக்குச் சொந்தக்காரருக்கே இருக்க வேண்டும்.